ஏலத்தில் எடுத்த அலைக்கற்றைக்கு நிபந்தனை எதற்கு?

அடுத்த கேள்வி. "அமெரிக்காவில் நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கொட்டி அலைக்கற்றையை ஏலம் எடுக்கின்றன. அப்புறம் அதில் எந்த போன், எந்த ஆப் ஓடலாம் என்று அரசு ஏன் மூக்கை நுழைக்கிறது?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

ஏலம் எடுத்தவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம்தான், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கு. நிபந்தனையை ஏலத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறார்கள். பிடிக்காதவர் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

இந்தச் சண்டை செல்போனைவிடப் பழையது. டெக்சாஸில் டாம் கார்ட்டர் என்பவர் ஒரு கருவி செய்தார். டெலிபோன் ரிசீவரை அதன் மேல் வைத்தால், தூரத்தில் வேலை செய்பவரின் ரேடியோவுக்குப் பேச்சு போய்ச் சேரும். கம்பியில் கைகூட வைக்கவில்லை. ஆனாலும் 'எங்கள் லைனில் அந்நியக் கருவி கூடாது' என்றது டெலிபோன் நிறுவனமான ஏ.டி. அண்ட் டி. 1968-இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. அந்தத் தடையை நீக்கியது. பிற்பாடு கம்ப்யூட்டரை டெலிபோன் லைனோடு இணைக்கும் மோடத்தை, யார் செய்ததானாலும், லைனில் செருக முடிந்ததற்கு வழி அங்கேதான் திறந்தது.

அதே வாதம் 2007-இல் காற்றுக்கு வந்தது. அனலாக் டிவி காலி செய்யவிருந்த 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ஏலம் விட ஏற்பாடு நடந்தது; சுவரைத் தாண்டி நன்றாகப் போகும் அலை அது. கூகுள் நான்கு நிபந்தனை கேட்டது. அந்த அலைக்கற்றையில் 'சி' பிளாக் என்ற ஒரு பகுதிக்கு மட்டும் எஃப்.சி.சி. இரண்டை ஏற்றது: எந்தக் கருவியும் இணையலாம், எந்த ஆப்பும் ஓடலாம். மற்றவருக்கு மொத்த விலையில் இணைப்பைக் கொடுக்க வேண்டும் என்பதை விட்டுவிட்டது. என்னைக் கேட்டால், போட்டி வளர அதுதான் முக்கியம்.

இதில் ஒரு வேடிக்கை. 'சி' பிளாக் ஏலம் ஏறக்குறைய 460 கோடி டாலரைத் தொடாவிட்டால் நிபந்தனை இல்லாமல் மறு ஏலம் என்று வைத்திருந்தார்கள். கூகுள் அந்தத் தொகையைத் தாண்டும்வரை கேட்டது, நிபந்தனை உறுதியானதும் நின்றுகொண்டது. ஜெயித்தது செல்போன் சேவை நிறுவனமான வெரைசான், ஏறக்குறைய 474 கோடிக்கு. முன்பு இதே நிபந்தனையை எதிர்த்து வழக்குப் போட்டு, பிறகு வாபஸ் வாங்கிய நிறுவனம்தான்!

சரி, நிபந்தனை வேலை செய்ததா? போனின் இணையத்தை லேப்டாப்புக்குப் பகிரும் ஆப்களைக் கிடைக்கவிடாமல் செய்ததாக வெரைசான் மேல் புகார் வந்தது. 2012-இல் 12.5 லட்சம் டாலர் கட்டி விசாரணையை முடித்துக்கொண்டது. 474 கோடி கொடுத்தவருக்கு அது சில்லறை. ஆனால் அதோடு, டேட்டா அளவுக்குக் காசு கட்டும் வாடிக்கையாளர்கள் தனிக் கட்டணம் இல்லாமல் பகிர்ந்துகொள்ளவும் விட வேண்டியதாயிற்று.