பதினைந்து தோட்டா, ஒரு திருட்டுத் துப்பாக்கி

அன்பர்களுக்கு வணக்கம். 'வின்செஸ்டர் 73' என்ற 1950-ஆம் ஆண்டு ஹாலிவுட் கவ்பாய்ப் படத்தை அண்ணன் தம்பி பகைக் கதையாகவே பேசி வருகிறோம். அந்தோணி மான் இயக்கம், நாயகன் லின்னாக ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடிப்பு எல்லாம் அறிந்த செய்தி. இன்றைக்குத் துப்பாக்கியின் பக்கம் நின்று பார்க்கலாம். அது கைமாறும் இடமெல்லாம் பறிகொடுப்பவன் ஆயுதக் கணக்கில் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறான்.

முதலில் சாதனம், அதாவது படத்தின் பெயரில் உள்ள 1873 மாடல் வின்செஸ்டர் துப்பாக்கி. குழலுக்குக் கீழே ஒரு குழாய், அதில் 15 தோட்டா. வலப்பக்கச் சிறு கதவு வழியாக ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். லீவரைக் கீழே தள்ளினால் காலிக் கூடு மேலே தெறிக்கும், சுத்தி பின்னுக்குப் போய் நிற்கும், பித்தளைத் தூக்கி அடுத்த தோட்டாவைக் குழலுக்கு நேரே கொண்டுவரும். லீவரை மேலே இழுத்தால் தோட்டா உள்ளே போய் அடையும். தோட்டாவில் 40 கிரெய்ன் (பழைய சிறு எடை அளவு) கருமருந்து, 200 கிரெய்ன் ஈயம். நம் கணக்கில் ஈயம் 13 கிராம்.

கோளாறு எங்கே வரும்? தூக்கி ஒரே ஒரு தோட்டாவின் நீளத்துக்கு வெட்டப்பட்டது. தோட்டா கொஞ்சம் குட்டையாக இருந்தால் பின்னால் வரும் தோட்டாவின் அடி உள்ளே நீட்டிக்கொள்ளும், தூக்கி அசையாது. லீவரை அரைகுறையாக இழுத்தாலும் சிக்கல்தான். குழாய்க்குள் ஒன்றின் மூக்கு அடுத்ததன் அடியில் இடிக்கும் என்பதால் ஈயத்தின் மூக்கு தட்டை. கூராக இருந்தால் குழாயிலேயே வெடிக்கலாம்.

இனிப் படம். 1876 ஜூலை 4, டாட்ஜ் சிட்டி. குறிபார்த்துச் சுடும் பந்தயத்துக்குப் பரிசு 'ஆயிரத்தில் ஒன்று' ரக வின்செஸ்டர். சோதனைச் சுடுதலில் குறி தவறாத குழல்களைத் தனியே எடுத்து, மெருகேற்றி, 100 டாலருக்கு விற்றார்கள். இது கதைக்காகக் கட்டியதல்ல. அந்த ரகத்தில் 1873 மாடல் மொத்தமே 130-க்குச் சற்று அதிகம். படம் வெளியானபோது எஞ்சியவற்றைத் தேடி ஸ்டூடியோ விளம்பரம் செய்தது. சேகரிப்பாளர் மத்தியில் விலை ஏறியதற்கு அந்த விளம்பரமும் ஒரு காரணம்.

ஊருக்குள் வருபவன் ஆயுதத்தை ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷலிடம் ஒப்படைக்க வேண்டும். லின் வென்ற பரிசை அவன் சகோதரனும் எதிரியுமான டச் ஹென்றி பறித்துக்கொண்டு ஓடுகிறான். ஒப்படைத்த துப்பாக்கிகளை எடுக்க நேரமில்லை. வழியில் ஆயுத வியாபாரி பேரத்திலும் சீட்டாட்டத்திலுமாக அவனிடம் கறந்துவிடுகிறான். அதே வியாபாரி செவ்விந்தியத் தலைவன் யங் புல்லிடம் பழைய சரக்கைத் தள்ளப் பார்க்கிறான். நல்லதைக் கண்டவன் விடுவானா? வியாபாரியின் உயிரும் போகிறது.

அடுத்த காட்சியில்தான் படம் தன் பாடத்தை வெளிப்படையாகச் சொல்கிறது. யங் புல்லின் ஆட்களை எதிர்த்து நிற்கும் படைவீரர்களிடம் ஒற்றைத் தோட்டா ஸ்பிரிங்ஃபீல்ட் கார்பைன் என்ற குட்டைத் துப்பாக்கி. எதிரி முதல் பாய்ச்சலில் அவர்களைச் சுடவைத்து, மறுபடி நிரப்பும் இடைவெளியில் இரண்டாவதாகப் பாய்வான் என்று லின் சார்ஜென்ட்டுக்கு விளக்குகிறான். லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் செவ்விந்தியர் கையில் அமெரிக்கப் படைத்தலைவன் கஸ்டர் அழிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அந்தக் களத்தில் தோண்டியபோது பல தோட்டா நிரப்பும் ஹென்றி, வின்செஸ்டர் ரகத் துப்பாக்கிகளின் தோட்டாக்கூடுகள் கிடைத்தன. கார்பைனின் செப்புக்கூடு சூட்டில் ஒட்டிக்கொள்ள, கத்தியால் நெம்பிய தடயமும் சிலவற்றில் உண்டு. தாக்குதலுக்குக் காத்திருக்கும் வேளையில் லின் அங்கே சிக்கிய லோலா (ஷெல்லி வின்டர்ஸ்) என்ற பெண்ணிடம் ரிவால்வர் ஒன்றைக் கொடுக்கிறான். கடைசித் தோட்டா எதற்கென்று தனக்குப் புரியும் என்கிறாள் அவள். அந்த ஒரு வரிக்கு ஷெல்லி வின்டர்ஸ் எந்த ஆர்ப்பாட்டமும் செய்யவில்லை.

துப்பாக்கி கைமாறிக் கைமாறி மறுபடி டச் ஹென்றியிடமே வருகிறது. முடிவில் அவனுக்கும் லின்னுக்கும் பாறைச் சண்டை. டச் ஹென்றிக்கு உயரம் சாதகம், ஆனால் மேலிருந்து கீழே சுடுபவன் குறி பெரும்பாலும் தலைக்கு மேல் போகும். லின் அவசரப்படவில்லை. எதிரில் தோட்டாக்கள் பாறையைச் சீவித் தெறிக்கின்றன. மறுமுறை பார்க்கும்போது சத்தத்தை எண்ணிக்கொண்டே பாருங்கள்.