இறுதிப் போட்டியில் தோற்பது மனவலிமைக் குறைவா?

தக்கலையிலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "என் மகள் இறகுப்பந்துப் போட்டிகளில் இறுதி வரை வந்து தோற்றுவிடுகிறாள். சிந்துவும் ஒரு காலத்தில் இப்படித்தானே இருந்தார்? இது மனவலிமைக் குறைவா?"

இல்லை அம்மா. 2016 ரியோ ஒலிம்பிக்கில் கரோலினா மரினிடமும், 2017 கிளாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப்பில் நொசோமி ஒகுஹாராவிடமும், 2018-இல் காமன்வெல்த், ஆசிய விளையாட்டு, உலகச் சாம்பியன்ஷிப் என மூன்று இறுதிகளிலும் பி.வி. சிந்து தோற்றார். இறுதி என்றாலே அவருக்குப் பயம் என்று அப்போது பலர் பேசினார்கள். அவர்கள் கிளாஸ்கோ ஆட்டத்தை முழுதாகப் பார்த்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். 110 நிமிடம் நீண்ட அந்த ஆட்டத்தில் முதல் கேமை இழந்தவர், இரண்டாவதில் 21-20 என்ற நிலையில், ஷட்டில் கீழே விழாமல் 73 அடிகள் நீடித்த ஒரே ராலியை வென்று கேமைக் கைப்பற்றினார். மூன்றாவதை 20-22 என்று மயிரிழையில்தான் விட்டார். பயந்தவரால் அப்படி ஆட முடியுமா?

அயராமல் ஓடி ஷட்டிலைத் திருப்பிக்கொண்டே இருக்கும் ஒகுஹாராவுக்கு நீண்ட ராலிதான் பலம். அதே ஒகுஹாராவை 2018 டிசம்பரில் உலக டூர் இறுதியில் வென்ற சிந்து, 2019-இல் பாசல் உலகச் சாம்பியன்ஷிப் இறுதியில் மேலிருந்து ஓங்கி ஸ்மாஷ் அடிப்பதும் உடனே நெட்டுக்குப் பாய்வதுமாக ராலிகளை நீளவிடாமல் ஆடி, 21-7, 21-7 என்று 38 நிமிடத்தில் முடித்தார். அத்தொடரின் காலிறுதியில் தைவான் வீராங்கனை தாய் ட்சு யிங்கிடம் முதல் கேமை 12-21 என்று இழந்த பிறகும் 23-21, 21-19 என மீண்டு வந்தவர் அவர். மனம் முன்பும் உறுதியாகத்தான் இருந்தது. மாறியது ஆட்டமுறை என்றே நான் கருதுகிறேன்.

உங்கள் மகள் வெட்டவெளிக் கோர்ட்டில் பயிற்சி செய்கிறாளா என்பதையும் கவனியுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் உயரத் தூக்கிய ஷட்டில் எங்கோ போய்விழும் என்பதால், நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் அந்த அடியையே தவிர்த்துப் பழகிவிடுகிறார்கள். உள்ளரங்கில் நடக்கும் இறுதியில், எதிராளியைப் பின்கோட்டுக்குத் தள்ள அந்த அடி இல்லாமல் தவிக்க நேரும். அடுத்த இறுதியில் 15 புள்ளிக்குப் பிறகு அவள் இழக்கும் ஒவ்வொரு புள்ளியும் நெட்டில் போனதா, வெளியே விழுந்ததா, எதிராளி அடித்து வென்றதா என்று ஒரு தாளில் குறித்து, பயிற்சியாளரிடம் கொடுங்கள்.