வாசலோடு திரும்பும் தூதுவன்

(இராமநாதபுரம் மாவட்டக் கடலோர ஊரான வாலிநோக்கத்தில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கைக்கு வருவதற்கு முன்பே கேள்வி வந்துவிட்டது. உப்பு வாரும் வேலைக்குப் போகிற அக்கா ஒருவர் கேட்டார்: “விடியலில் பாத்தியில் இறங்குகிறேன் சார். மதியத்துக்குள் இரண்டு செம்புத் தண்ணீர் குடிக்கிறேன். சிறுநீர் மட்டும் கொஞ்சமாக, மஞ்சளாகப் போகிறது. மற்ற தண்ணீரெல்லாம் எங்கே?” எழுதிக்கொண்டு வந்த பேச்சை மடித்துப் பையில் வைத்துவிட்டேன்.

பாதி விடை அவருடைய நனைந்த சேலையிலேயே இருக்கிறது. மீதிக்குத்தான் சிறுநீரகத்துக்குள் போக வேண்டும்.

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. உடம்பில் இருக்கும் இரத்தமே ஐந்து லிட்டர்தானே என்றால், அதே நீர்தான் திரும்பத் திரும்ப வடிகிறது. பெரும்பகுதி யாரையும் கேட்காமல் இரத்தத்துக்குத் திரும்பிவிடும். கடைசியாக மிஞ்சுகிற நீரைச் சேமிப்பதா, விடுவதா என்பதற்குத்தான் உத்தரவு வேண்டும்.

வியர்த்துக் கொட்டினால் இரத்தத்தில் உப்பின் செறிவு ஏறும். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஏறினாலே மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் கண்டுகொள்ளும். அங்கே உருவாகி பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியில் காத்திருக்கும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கும். உத்தரவைச் சுமந்து வரும் தூதுவன் இதுதான். ஒன்பது அமினோ அமிலங்களைக் கோத்த சின்னஞ்சிறு பெப்டைடு அது.

இந்தத் தூதுவன் வீட்டுக்குள் நுழைவதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. செல்லின் சுவர் கொழுப்பால் ஆனது. பெப்டைடு நீரோடு ஒட்டும் பொருள். ஆகவே சிறுநீரகத்தின் சேகரிப்பு நாளத்து (மிஞ்சிய நீர் கடைசியாகக் கடக்கும் குழாய்) செல்லின் வாசலில் இருக்கும் ஏற்பி என்ற புரதத்தைப் பிடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. வெளியே பிடித்த பிடியில் ஏற்பி உள்பக்கம் வடிவம் மாறுகிறது. அங்கே ஒட்டியிருக்கும் ஜி-புரதம் விழித்து, அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதியைத் தட்டி எழுப்புகிறது. அந்த நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் சைக்ளிக் ஏஎம்பியாக மாற்றுகிறது, ஒன்றிரண்டல்ல, ஓயாமல். வாசலில் சொன்ன ஒரு சொல் தெருவெல்லாம் பரவுவது போல, ஒரு ஹார்மோன் மூலக்கூறுக்கு உள்ளே பல தூதர்கள். இந்த உள்தூதனைக் கல்லீரலை ஆராயும்போது கண்டுபிடித்த ஏர்ல் சதர்லாந்துக்கு 1971-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சைக்ளிக் ஏஎம்பி எழுப்புவது புரத கைனேஸ் ஏ என்ற இன்னொரு நொதியை. அக்வாபோரின்-2 என்ற புரதத்தின் 256-ஆம் அமினோ அமிலத்தில் அது ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அக்வாபோரின் என்பது தண்ணீர் மட்டும் நுழையும் கதவு. செல்லுக்குள் சிறு குமிழிகளில் கழற்றி வைத்தது போல் கிடந்த கதவுகள், பாஸ்பேட் ஒட்டியதும் நாளத்தை ஒட்டிய சுவரில் போய்ப் பொருந்துகின்றன.

கதவு திறந்தால் போதுமா, நீரை இழுப்பது யார் என்று கேட்பீர்கள். கருவாடு போடுகிறவர்களுக்கு இது தெரியும். மீனை வகிர்ந்து உப்புத் தடவி அடுக்கினால், சற்று நேரத்தில் தொட்டியில் நீர் கட்டி நிற்கும். உப்பு நீரை இழுத்துவிட்டது. சிறுநீரகத்தின் உட்பகுதியிலும் உப்பும் யூரியாவும் இரத்தத்தைப் போல் நான்கு மடங்கு வரை செறிந்திருக்கின்றன. கதவு வந்ததும் நாளத்து நீர் அந்தப் பக்கம் ஓடி, இரத்தத்தில் சேர்கிறது. அக்காவின் மீதித் தண்ணீர் அங்கேதான்.

முதல் அக்வாபோரினைக் கண்டுபிடித்த பீட்டர் அக்ரே அதைச் சோதித்த விதம் அழகு. அந்தப் புரதத்தைத் தவளை முட்டைகளில் உருவாக்கி நீர்த்த கரைசலில் போட்டார். அவை உப்பி வெடித்தன. புரதம் இல்லாத முட்டைகள் சும்மா கிடந்தன. அவருக்கு 2003-இல் நோபல்.

தாகம் தீரக் குடித்தால் ஹார்மோன் குறையும். பாஸ்போடைஎஸ்டரேஸ் என்ற நொதி சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்கும். கதவுகள் உள்ளே திரும்பும். ஏற்பியே பழுதாகப் பிறந்தவர்களுக்கு எவ்வளவு ஹார்மோன் வந்தாலும் கதவு வராது. நாளுக்குப் பத்து லிட்டருக்கு மேலும் சிறுநீர் போகும்.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவு உப்பு. நம் சிறுநீரகம் அவ்வளவு செறிவாக உப்பை வெளியேற்றாது. அதனால்தான் நடுக்கடலில் எஞ்சின் நின்ற படகில், சுற்றிலும் தண்ணீர் இருந்தும் நா வறள்கிறது.

இதைச் சொல்லும்போதே கடலில் இறங்கிக் கடல்பாசி எடுக்கப் போகிற தாய்மார்கள் பக்கம் சிரிப்பு. “எங்களுக்கு நேர்மாறாக அல்லவா இருக்கிறது? கழுத்தளவு நீரில் நின்றால் அடிக்கடி வருகிறதே!” உண்மைதான். நீரின் அழுத்தம் கால்களிலிருக்கும் இரத்தத்தை நெஞ்சுக்குத் தள்ளுகிறது. உடம்பு அதை நீர் மிகுதி என்று தவறாக எண்ணி வாசோப்ரெசினைக் குறைக்கிறது. ஆகவே கரையேறும்போது அவர்கள் உடம்பிலும் நீர் குறைந்துதான் இருக்கும்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், “போக மறைவிடம் இல்லை என்று நாங்கள் தண்ணீரே குடிப்பதில்லை” என்றார். ஹார்மோன் இருக்கிற நீரைத்தான் காக்கும், அம்மா. குடிக்காத நீரை அதனால் உண்டாக்க முடியாது. உப்பளத்தில் கழிப்பறை கட்டுவது எந்த நொதியின் வேலையும் இல்லை.