பேர் வேண்டாங்க, ஊர் மட்டும் சொல்றேன்

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், நோம்பிக்கு வந்திருக்கும் ஒறம்பரைகள், சொந்தபந்தங்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

குடும்பத்தை மனம் விட்டுப் பேச வைப்பது உள்ளூர் வானொலியா, கைப்பேசியா என்பது தலைப்பு. நான் வானொலிக்காகப் பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகனின் முகத்தை வானொலி காட்டுமா என்று கேட்டார். யாரோ முகம் தெரியாத ஆள் எங்கோ பேசுவதைக் கேட்டு நம்ம குடும்பம் எப்படிப் பேசத் தொடங்கும் என்றும் கேட்டார்.

முதல் கேள்விக்குப் பதில், காட்டாதுங்க. என் அண்ணன் மகள் பிறந்தபோது அந்தப் பிஞ்சு முகத்தை நான் முதலில் பார்த்ததே கைப்பேசியில்தான். அந்த அருமையை நான் குறைத்துப் பேச மாட்டேன். இரண்டாவது கேள்விக்குத்தான் எழுந்து நிற்கிறேன். எங்கள் வீட்டைப் பேச வைத்ததே முகம் தெரியாத ஒரு ஆள்தான்.

எங்களுக்குக் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம் மூன்று ஏக்கர் பூமி. கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர், பாதி மஞ்சள், பாதி நெல். அது எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்றவர், வழியில் வந்தது. அப்பாவுக்கு ஒரே ஒரு அக்கா. எனக்கு அத்தை. அப்பாவின் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தவர் அவர்தான். கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் சேர்ந்து நிற்கும் சீர் அது. உங்களில் பாதிப் பேர் நின்றிருப்பீர்கள்.

2009-ல் அப்பா அத்தையிடம் ஒரு கையெழுத்து வாங்கினார். பூமியில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். சார்பதிவாளர் ஆபீசுக்குக் காரில் கூட்டிப் போய், கையெழுத்து ஆனதும் ஒரு பட்டுச்சேலை கொடுத்து, காரிலேயே கொண்டுபோய் விட்டார். அதற்கப்புறம் அத்தை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. 2016-ல் அண்ணன் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வந்தார், மொய் எழுதினார், கை நனைக்காமல் போய்விட்டார். அண்ணனுக்கு இணைச்சீர் செய்ய நான் நின்றேன். மேடையில் நின்றபடியே அத்தை வெளியே நடந்து போவதைப் பார்த்தேன்.

வீட்டில் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை போட்டிருந்தால் கூட ஒரு நாளைக்குச் சமாதானம் ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் சண்டையே நடக்கவில்லை, பேச்சு மட்டும் நின்றுபோனது.

சரி, 2020 ஆகஸ்டுக்கு வருகிறேன். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 2005 திருத்தம் வந்த அன்று தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த மாதம் 11-ஆம் தேதி. தமிழ்நாட்டில் 1989-லேயே மகள்களுக்குப் பங்கு கொடுத்துச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அதில் இடமில்லை. அத்தைக்குக் கல்யாணம் 1984-ல். 2005-ல் வந்த சட்டம்தான் அவரையும் உள்ளே சேர்த்தது.

அந்த வாரம் ஒரு மாலை, எங்கள் பக்கத்து வானொலியில் இதையே பேச்சாக வைத்திருந்தார்கள். ஒரு வக்கீல் அம்மா விளக்கம் சொன்னார், ஊர்க்காரர்கள் போன் போட்டுப் பேசினார்கள். அப்பா கட்டுத்தரையில் எருமை கறந்துகொண்டிருந்தார். ரேடியோ அங்கே தூணில் தொங்கும். அம்மா கொல்லைப்புறப் பொடக்காளியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார். நான் முன்கூடத்து ஆசாரத்தில் உட்கார்ந்து மஞ்சள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு பெரியவர் போனில் வந்தார். “பேர் வேண்டாங்க, ஊர் மட்டும் சொல்றேன், காங்கேயத்துப் பக்கம்” என்று தொடங்கினார். “அக்காகிட்டக் கையெழுத்து வாங்கினனுங்க. பத்திரம் பீரோவுல இருக்குதுங்க. அக்கா போன வைகாசியில போயிட்டாங்க” என்றார். அப்புறம் பேச்சு வரவில்லை. அந்த அறிவிப்பாளர் பெண் நல்ல பெண், உடனே பாட்டுப் போட்டு மூடவில்லை. கொஞ்ச நேரம் விட்டு, “அக்கா கையில கடைசியா எப்பங்க சோறு உண்டீங்க?” என்று மெதுவாகக் கேட்டார். அவருக்கு ஞாபகம் இல்லை. யோசித்துப் பார்த்தும் ஞாபகம் வரவில்லை என்றார்.

கட்டுத்தரையில் பால் கறக்கும் சத்தம் நின்றுபோனது. பொடக்காளியில் பாத்திரச் சத்தமும் நின்றுபோனது. மூன்று பேரும் மூன்று இடத்தில் இருந்தோம், கேட்டது ஒரே பேச்சு, ஒரே நேரத்தில். கேட்காத மாதிரி இருக்க யாராலும் முடியவில்லை. ஆளுக்கொரு கைப்பேசியை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று எதிரணி நண்பர்கள் யோசிக்க வேண்டும்.

ராத்திரி சோறு உண்ணும்போது அப்பா அம்மாவிடம் கேட்டார், “அக்கா நெம்பர் இருக்குதா?” அம்மா சொன்னார், “உங்க போன்லயே இருக்குது.”

எதிரணியில் சிரிக்கிறீர்கள். கடைசியில் போன்தானே பேச வைத்தது என்று குறித்துக்கொள்கிறீர்கள். குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த எண் பதினோரு வருடம் அப்பாவின் சட்டைப்பையிலேயே இருந்தது. இடையில் சாதா போன் போய்த் தொடுதிரைப் போன் வந்தது, அதிலும் அந்த எண் இருந்தது. அழைக்கத் தைரியம் இல்லாத கைக்குக் கருவியால் என்ன பயன்? அந்தத் தைரியம் காங்கேயத்துப் பக்கத்துப் பெரியவரிடமிருந்து வந்தது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் வாட்ஸ்ஆப் குடும்பக் குழுவைப் பற்றி உருக்கமாகப் பேசினார். எங்களுக்கும் குழு இருக்கிறது. அத்தை மகனும் அதில் இருக்கிறார், என் அண்ணனும் இருக்கிறார். பிறந்தநாள் வாழ்த்து வரும், சீர் போட்டோ வரும். அந்தப் பூமியைப் பற்றி ஒருவரும் ஒரு வரி எழுதியதில்லை. ஏனென்றால் அங்கே எழுதுகிறவரின் பேர் மேலேயே நிற்கிறது. எழுதியதும் அழியாமல் நிற்கும், நாளைக்கு யாராவது எடுத்துக் காட்டுவார்கள். உறவுக்குள் ஒரு கசப்பைச் சொல்ல அது இடமில்லை. வானொலியில் பேரை விட்டுவிட்டுக் குரலை மட்டும் கொடுக்கலாம். குரல் நடுங்குவது கேட்கும், பொய்யா மெய்யா என்று கேட்பவருக்குத் தெரியும். யார் வீட்டுக் கதை என்று மட்டும் தெரியாது. அதனால் எல்லார் வீட்டுக் கதையாகவும் அது ஆகிவிடுகிறது.

இன்னொன்று, அந்தப் பெரியவர் எங்கள் பேச்சில் பேசினார். கோவை வானொலி நிலையம் 1966-ல் வந்தது. எங்கள் அப்பாரு காலத்தில் உரம், விதை, மழை எல்லாம் அதில் கேட்டுத்தான் செய்தார்கள். அதை மறக்க மாட்டோம். ஆனால் அன்று ரேடியோத் தமிழ் வேறு, வீட்டுத் தமிழ் வேறு. கேட்டோம், பேசத் துணியவில்லை. வானலை மக்கள் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது. 2004-ல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் நாட்டின் முதல் சமுதாய வானொலியைத் தொடங்கியது. அந்த வழியில்தான் நம் பெருந்துறையிலும் பொறியியல் கல்லூரி வளாகத்திலிருந்து 90.4-ல் ஒரு வானொலி வந்தது. நூறு வாட் சக்தி, அவ்வளவுதான். ஆனால் நிகழ்ச்சியில் பாதியாவது அந்த வட்டார மக்கள் பங்கெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும், கூடுமானவரை வட்டாரப் பேச்சிலேயே இருக்க வேண்டும் என்று அரசு விதியே சொல்கிறது. “ஏனுங்க”, “வாங்கம்மிணி” என்று ரேடியோவே கூப்பிட்டால், பள்ளிக்கூடம் போகாத ஒரு பாட்டிக்கும் பேச வாய் வருகிறது.

மூன்றாவது பேச்சாளர், உள்ளூர் வானொலியில் செய்தி கூடக் கிடையாதே என்றார். உண்மைதான். தனியார் பண்பலையோ சமுதாய வானொலியோ சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் கட்சிச் சண்டைக்கு இடமில்லாமல் போனதால் அந்த நேரமெல்லாம் வீட்டுக்குக் கிடைத்தது. மாமியாருக்கு முழங்கால் வலி, தறிக்குடோனில் ராத்திரி ஷிப்ட் போகும் கணவன், பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டப் போகும் பெண்ணின் பிள்ளையை யார் பார்ப்பது, மாப்பிள்ளை வீட்டில் கேட்கும் பவுன். இதையெல்லாம் எந்தத் தொலைக்காட்சி விவாதத்தில் உட்கார வைத்துப் பேசினார்கள்? பெரிய பண்பலைகளில் பாட்டும் விளம்பரமும்தான் அதிகம் என்றார், அதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் வாதாடுவது போன் போட்டு ஊர்க்காரர் பேசும் அந்த ஒரு மணி நேரத்துக்காக.

அத்தை வந்த கதையைச் சொல்லி முடிக்கிறேன், மணி அடிக்கப் போகிறார்கள்.

அப்பா போனில் அதிகம் பேசவில்லை, “அக்கா, வந்துட்டுப் போ” என்றார். பத்து நாள் கழித்து வந்தார். அம்மா அரிசிம்பருப்பு சோறு ஆக்கினார். அத்தை உண்டு முடித்துக் கை கழுவிய பிறகு சொன்னார், “நீ கேட்டிருந்தாக் குடுத்திருப்பேன் தம்பி. நீ கேக்கலை, பேனாவை நீட்டுனே.” அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அதற்குப் பதில் இல்லை.

அன்று ராத்திரி அப்பா என்னையும் அண்ணனையும் ஆசாரத்தில் உட்கார வைத்தார். நான் மகள். சட்டப்படி எனக்கும் அந்த மூன்று ஏக்கரில் பங்கு உண்டு. “உன் தங்கச்சிகிட்டப் பேனாவை நீட்டாதே, கேளு” என்றார் அண்ணனிடம். அண்ணன் வெகுநேரம் வாய்க்கால் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “உனக்கு என்ன வேணும், சொல்லு” என்று கேட்டான். பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் கேட்காத கேள்வி அது. எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னும் முழுசாகச் சொல்லி முடிக்கவில்லை, மாதம் ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசுகிறோம்.

நடுவர் அவர்களே, என் பக்கத்தைச் சொல்லிவிட்டேன். வணக்கமுங்க.