சுமாத்திரா விளிம்பும் எங்கள் கரையும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

இந்தோனேசியாவில் புவிநடுக்கம் என்று செய்தி வந்தால் போதும், என்னிடம் உயர்தரத்தில் புவியியல் படிக்கும் பிள்ளைகள் ஒன்றைத்தான் கேட்பார்கள்: "சேர், கடல் வருமா?" 2004 சுனாமிக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளும் இதையே கேட்கிறார்கள். நடுக்கம் எவ்வளவு பெரிது என்பதோடு, பூமியின் மேலோட்டில் மெல்ல நகரும் பெரும் பாறைத் துண்டான புவித்தகடு எந்தப் பக்கம் அசைந்தது என்பதையும் பார்த்தே இதற்கு விடை சொல்ல வேண்டும்.

இலங்கை இந்தியத் தகட்டின் உட்பகுதியில் இருக்கிறது. விளிம்புகள் எல்லாம் தொலைவில். மேற்கே, அரபிக் கடலடியில் கால்ஸ்பேர்க் முகடு என்ற மலைத்தொடர். அங்கே இந்தியத் தகடும் சோமாலியத் தகடும் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் விலகுகின்றன. கீழிருந்து எழும் பாறைக்குழம்பு இறுகிப் புதிய கடற்றளம் ஆகிறது. தகடு அங்கே மெல்லியது, சூடானது. பெரும் விசை சேருமுன்பே உடைந்து விடுவதால் மிகப் பெரிய நடுக்கங்கள் அங்கே பிறப்பதில்லை. வடக்கே இமயத்தில் கண்டமும் கண்டமும் மோதுகின்றன. இரண்டும் பாரம் குறைந்த பாறை. அமிழ மனமில்லாமல் மடிந்து உயர்கின்றன. 2015இல் நேபாளத்தைக் குலைத்த 7.8 அளவு நடுக்கம் அந்த மோதலின் விளைவு.

எங்களுக்கு முக்கியமானது கிழக்கு விளிம்பு. சுமாத்திராவிலிருந்து அந்தமான் வரை, பாரமான கடற்றளம் பக்கத்துத் தகட்டின் அடியில் அமிழ்கிறது. இரண்டும் வழுக்கிக்கொண்டு போவதில்லை. உராய்வில் ஒட்டிக்கொள்கின்றன. கீழே போகும் தகடு மேல் தகட்டின் நுனியையும் இழுத்துக்கொண்டு போக, அது பிரம்பை வளைத்துப் பிடித்தது போல நூற்றாண்டுக் கணக்கில் வளைகிறது. 2004 டிசம்பர் 26, நத்தாருக்கு மறுநாள் காலை ஏழு மணியளவில் அந்தப் பிடி விட்டது. அளவு 9.1. ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் நீளமான பிளவு. மேலே துள்ளிய கடற்றளம் தன் மேலிருந்த தண்ணீர் முழுவதையும் தூக்கிவிட்டது.

இதில் ஒரு விபரத்தை எல்லோரும் கவனிக்க வேண்டும். நுனி துள்ளும்போது அதற்குப் பின்னால் உள்ள பகுதி தாழும். துள்ளிய பக்கம் மேற்கு, எங்களை நோக்கியது. தாழ்ந்த பக்கம் தாய்லாந்தை நோக்கியது. அதனால் தாய்லாந்தில் கடல் முதலில் உள்வாங்கியது. எங்களுக்கு முதலில் வந்ததே உயர்ந்த அலை. பிறகுதான் பல இடங்களில் கடல் வற்றி, மீண்டும் பெருகி வந்தது. "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அந்த அடையாளத்துக்காகக் காத்திருக்கச் சொல்லக் கூடாது. நிலம் அதிர்வதையும் நம்ப முடியாது. மையம் மட்டக்களப்பிலிருந்து 1600 கிலோமீற்றருக்கு அப்பால். பெரும்பாலான எங்கள் சனம் அதிர்வை உணரவே இல்லை. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பறித்த அந்த அலை இரண்டு மணிநேரத்துக்குள் கல்முனையிலும் முல்லைத்தீவிலும் கரையேறத் தொடங்கிவிட்டது.

இனி 2012 ஏப்ரல் 11. அதே சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவு நடுக்கம். கரையோரச் சனம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியது. ஆனால் பேரலை வரவில்லை. அது அமிழும் விளிம்பில் நடந்ததல்ல. விளிம்புக்கு மேற்கே, கடலடித் தகட்டுக்குள்ளேயே பாறைகள் பக்கவாட்டில் ஒன்றையொன்று உரசி நகர்ந்தன. கலிபோர்னியாவின் சான் அன்ட்ரியாஸ் விளிம்பில் இரண்டு தகடுகள் நகர்வதும் இதே விதம்தான். பக்கவாட்டில் நகரும் தளம் தண்ணீரைப் பெரிதாகத் தூக்காது.

அன்று ஓடியது வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நடுக்கத்தின் இடமும் அளவும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தகடு மேலெழுந்ததா, பக்கவாட்டில் நகர்ந்ததா என்பது உறுதியாவதற்கு இன்னும் நேரம் எடுக்கும். அலைக்கோ எங்கள் கிழக்குக் கரைக்கு வர இரண்டு மணிநேரம் போதும். அதனால்தான் எச்சரிக்கை முதலில் வருகிறது, அதை நீக்கும் அறிவிப்பு பின்னால் வருகிறது.

நன்றி, வணக்கம்.