அடுத்த பாட்டிலுக்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். ரத்த அழுத்தம் சரிந்து, கைகால் சில்லிட்டு, நினைவு தடுமாறிய நிலையில் ஒருவரை அவசரப் பிரிவுக்குத் தூக்கி வரும்போது, எங்கள் கை முதலில் சலைன் பாட்டிலைத்தான் தேடும். வயிற்றுப்போக்கால் வறண்டுபோனவருக்கு அது உயிர் தரும். மாரடைப்பால் இதயம் துவண்டவருக்கோ அதே சலைன் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கும். வெளிப்பார்வைக்கு இருவரும் ஏறக்குறைய ஒரே போலத்தான் தெரிவார்கள்.

சலைன் தீங்கற்றது என்ற நம்பிக்கையை அசைத்தது, உகாண்டா, கென்யா, தான்சானியா ஆகிய நாடுகளில் கடும் காய்ச்சலோடு வந்த 3,141 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வு. வேகமாகச் சலைன் ஏற்றப்பட்டவர்களில் 10.5 சதவீதத்தினரும், அவ்வாறு ஏற்றப்படாதவர்களில் 7.3 சதவீதத்தினரும் 48 மணி நேரத்துக்குள் இறந்தார்கள். வயிற்றுப்போக்குக் குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே, கட்டிலருகிலேயே எக்கோ, அதாவது ஒலி அலைகளால் இதயத்தைத் திரையில் காட்டும் ஸ்கேன், பார்க்கிறோம். நெஞ்சுக்குழியில் ஜெல் தடவிக் கருவியை வைத்தால், இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் கீழ்ப்பெருஞ்சிரை திரையில் தெரியும். அது 2.1 சென்டிமீட்டருக்கும் குறுகலாக இருந்து, மூச்சை உள்ளிழுக்கையில் பாதிக்கு மேல் ஒடுங்கினால், இதயத்தின் வலப்பக்க அழுத்தம் குறைவு என்று கொள்கிறோம். ஆனால் இந்த ஒரு அளவை மட்டும் நம்பிச் சலைன் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. வென்டிலேட்டரில் இருப்பவரிடம் சிரையின் அசைவே தலைகீழாகிவிடும். இடது கீழறை நன்றாகச் சுருங்குகிறதா, நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பில் காண்பதுபோல் வலது அறை வீங்கியிருக்கிறதா, இதயத்தைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறதா என்பதையும் பார்த்தாக வேண்டும். நீர் கட்டி இதயத்தை அழுத்தினால், ஊசியால் அதை வெளியே எடுப்பதே சிகிச்சை.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. சாய்ந்து படுத்திருப்பவரின் உடம்பைக் கட்டிலோடு தாழ்த்தி, கால்களை 45 பாகை உயர்த்தினால், கால்களில் உள்ள ரத்தத்தில் சுமார் 300 மில்லி இதயத்தை நோக்கி வரும். ஒரு நிமிடத்துக்குள், ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தத்தின் அளவு பத்துச் சதவீதத்துக்கு மேல் கூடுவது எக்கோவில் தெரிந்தால், சலைன் பயன்படும். கால்களை இறக்கிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்; ஒரு சொட்டுக்கூட ஏற்றாமல், அவருடைய ரத்தத்தைக் கொண்டே சோதித்துவிடுகிறோம்.

ஒருமுறை பார்ப்பது போதாது. கால் லிட்டர், அரை லிட்டர் ஏற்றியதும் மறுபடி பார்ப்போம். நுரையீரல் ஸ்கேனில், நீர் தேங்குவதைக் காட்டும் வெள்ளைக் கோடுகள் புதிதாக மேலிருந்து கீழாக இறங்கத் தொடங்கினால், பாட்டிலை நிறுத்திவிட்டு, ரத்த அழுத்தத்தை உயர்த்த, ரத்தக்குழாய்களை இறுக்கும் மருந்தான நார்அட்ரினலினுக்கு மாறுவோம்.