தமிழ்ல பேரு வச்ச ஃபைல மேக்ரோ ஏன் திறக்க மாட்டேங்குது?

வணக்கம் மக்களே, நல்லாருக்கியளா? தோவாளை பூச்சந்தையில கடை வச்சிருக்க ஒரு அண்ணாச்சிக்காக எழுதின எக்செல் மேக்ரோ, அதாவது எக்செல் வேலையத் தானாச் செய்யுற சின்ன புரோகிராமாக்கும் இது. பிச்சி, மல்லி, கிரேந்தின்னு பூவுக்கு ஒரு ஃபைல், எல்லாம் தமிழ்லயே பேரு. மொத்தத்தையும் ஒரே ஷீட்டுல சேக்கணும்.

ஸ்கிரீனப் பாருங்க. ஃபோல்டர்ல என்ன ஃபைல் இருக்குன்னு சொல்லுற டிர் (Dir) ஃபங்ஷன் வச்சு ஃபைல் பேர எடுத்தா, பிச்சி வரவேண்டிய இடத்துல ஆறு கேள்விக்குறி. அதத் திறக்கச் சொன்னா 1004 எர்ரர். டிர் பழைய ஆன்ஸி (ANSI) எழுத்து முறையில ஓடுது. விண்டோஸ்ல தமிழுக்கு ஆன்ஸி கோட்பேஜே, அதாவது அந்த முறையில எழுத்துப் பட்டியலே கிடையாது, எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் மட்டும்தான். நம்ம கண்ணுக்கு பிச்சி மூணு எழுத்து. கம்ப்யூட்டருக்கு ப, இகரக் குறி, ச, புள்ளி, ச, திரும்ப இகரக் குறி. எண்ணிப் பாருங்க, ஆறு.

பேர இங்கிலீஷ்ல மாத்துங்கன்னு நெறய பேரு சொல்லுவாங்க. எனக்கு அதுல சம்மதமே இல்ல. அவரு தமிழ்ல வாசிச்சுத்தான் யாவாரம் பண்ணுகாரு. மாற வேண்டியது மேக்ரோ.

டிர்ர எடுத்துட்டு, யூனிகோட் தெரிஞ்ச ஃபைல் சிஸ்டம் ஆப்ஜெக்ட் (FileSystemObject) போடுங்க. கெட்ஃபோல்டர்ல ஃபோல்டரக் குடுத்து, ஒவ்வொரு ஃபைலோட பாத்தையும் (ஃபைல் இருக்க எடத்தோட முழு முகவரி) வொர்க்புக்ஸ் ஓப்பனுக்கு அனுப்புங்க, திறந்துரும். ஃபோல்டர் பேரும் தமிழ்னா, அதக் கோடுக்குள்ள டைப் பண்ணாதீங்க. மேக்ரோ எழுதுற விபிஏ எடிட்டரும் கேள்விக்குறியாக்கிரும். ஒரு செல்லுல எழுதி அங்கிருந்து வாசிங்க. எழுத்த அதோட யூனிகோட் நம்பரால குறிக்குற சிஎச்ஆர்டபிள்யூ (ChrW) ஃபங்ஷன வச்சு, ப-வுக்கு சிஎச்ஆர்டபிள்யூ 2986 அப்படின்னு ஒவ்வொண்ணா எழுதலாம்தான், நாளைக்கு வேற ஆளு பாத்தா ஒண்ணும் வெளங்காது.

இதுலதான் நெறய பேரு ஏமாறுவாங்க: மெசேஜ் பாக்ஸ்ல கேள்விக்குறி வந்தா பாத் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுராதீங்க. உள்ள எழுத்து சரியா இருக்கும், காட்டுற பெட்டிக்குத்தான் தமிழ் தெரியாது. சந்தேகம்னா ஒரு செல்லுல எழுதிப் பாருங்க.

மத்த குறிகள வேகமா சொல்லிருகேன். சேவ் பண்ணும்போது தேதியில சாய்வுக்கோடு வேண்டாம், விண்டோஸ் அத ஃபோல்டர்னு எடுத்துக்கும். ஹைஃபன் போடுங்க. சதுர அடைப்புக்குறி உள்ள பேர எக்செல் ஏத்துக்காது. ஹைப்பர்லிங்க்ல ஹேஷ் வந்தா அதோட பாத் முறிஞ்சிரும். வேற ஃபைல இழுக்குற ஃபார்முலாவுல, பாத்துக்குள்ள ஒற்றை மேற்கோள் இருந்தா அத ரெண்டாப் போடணும்.

முழு கோடும் டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. உங்க ஃபைல் பேருல எந்தக் குறி தகராறு பண்ணுதுன்னு கமெண்ட்ல போடுங்க மக்களே, அடுத்த வீடியோல அதயே எடுத்துப் பாப்போம்.